இரண்டு பேரிங்குக்கு நடுவே ஒரு குழாய்

பட்டறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட அதிகம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். மலையேறும் பைக்கின் சக்கரத்தில் பேரிங் எப்படி மாற்றுவது என்று கேட்டால், உடனே கைப்பேசியை நீட்டுவீர்கள். அதில் ஒரு வெள்ளைக்காரர் கையுறை போட்டுக்கொண்டு, தரையில் ஒரு சொட்டு கிரீஸ் விழாமல் மாற்றிக்கொண்டிருப்பார். அவருடைய பட்டறைத் தரை இருக்கிறதே, அதில் இலை போட்டுச் சாப்பிடலாம். நல்லது. எப்படித் தட்டி எடுப்பது, எப்படித் தட்டி இறக்குவது என்பதையெல்லாம் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது நான் கெடுத்த ஒரு சக்கரத்தைப் பற்றி. அதை அவர் காட்ட மாட்டார்.

திருவனந்தபுரத்தில், கிள்ளிப்பாலத்தில் முப்பத்தெட்டு வருஷம் பட்டறை வைத்திருந்தேன். முழங்கால் இரண்டும் சேர்ந்து ராஜினாமா கொடுத்த பிறகுதான் மூடினேன். கடைசிப் பத்து வருஷத்தில் எனக்கு ஒரு புது வகை வாடிக்கையாளர்கள் வந்து சேர்ந்தார்கள். நல்ல தார் ரோடு இருக்கும்போது அதை விட்டுவிட்டு, கல்லிலும் சேற்றிலும் ஆற்றிலும் இறங்கி ஓட்டுவதற்கென்றே ஒரு பைக் வாங்குகிறவர்கள். கேட்டால் மன அமைதிக்காம். திங்கட்கிழமை காலையில் அந்த மன அமைதி மொத்தமும் சேறாக அப்பிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கும்.

சேற்றில் ஓட்டுவதால் பேரிங் போகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சேறு பாவம். அது வெளியே ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். ஓட்டி முடித்ததும் இவர்கள் வாட்டர் சர்வீஸ் பம்ப்பை எடுத்து, சக்கரத்தின் நடுவிலேயே குறி பார்த்து அடிக்கிறார்களே, அப்போதுதான் தண்ணீர் ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போகிறது. கிரீஸ் வெளியேறுகிறது, துரு குடியேறுகிறது. ஓட்டிக் கெடுத்ததைவிடக் கழுவிக் கெடுத்த சக்கரங்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! தலையைத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த மாதம் முன்னைவிடப் பளபளப்பாகக் கொண்டுவருவார்கள்.

ஷைனியின் பைக்கும் அப்படித்தான் வந்தது. ஷைனி தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துப் பெண். நகரத்தில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். என்னிடம் வந்த மலையேறிகளில் பைக் ஓட்டவும் தெரிந்து, அது போடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கவும் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பைக்கைக் கழுவியது அவள் இல்லை, அவளுடைய சித்தி மகன் சஞ்சு. அவனுக்கு யூடியூபில் ஒரு சேனல் உண்டு. கேமராவில் பளிச்சென்று தெரிய வேண்டுமாம், அதற்காக அரை மணி நேரம் பம்ப் அடித்திருக்கிறான். முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். பால் பல் மாதிரி ஆடியது.

“ரெண்டு பேரிங்கும் போச்சு மோளே” என்றேன்.

“நாளைக்கு ஓண லீவுக்கு பொன்முடி மலைப்பக்கம் கல்லாத்துக்குப் போணும் ஆசானே. காலையில மாத்தித் தருவேளா?” என்றாள் ஷைனி.

நான் வாயைத் திறக்கும் முன் சஞ்சு குதித்தான். “ஆசானே, அதை நான் வீடியோ எடுக்கட்டா? பழைய காலத்து ஆசான், கைவேலை, சுத்தியல்... அடிபொளியா இருக்கும்!”

இந்த இடத்தில், ‘வேலை செய்யும்போது விளையாட்டு வேண்டாம் தம்பி’ என்று கறாராகச் சொல்லிவிட்டதாக எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு பட்டறைக்குப் போனேன். சக்கரம் கழற்ற இஸ்திரி போட்ட சட்டை! பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, நெற்றியில் விபூதி, தலையில் படிய வாரிய சீப்புக் கோடு. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு நன்றாக இல்லை என்று வீட்டுக்காரி சொன்னாள்.

இனி ஒரு சாமானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன் சக்கரத்தின் நடுவில் இடமும் வலமுமாக இரண்டு பேரிங்குகள் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு இரும்புக் குழாய். டிஸ்டன்ஸ் பீஸ் என்போம். அச்சைப் போட்டு நட்டை இறுக்கும்போது, இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளாமல் நடுவில் நின்று தாங்குவதுதான் அதன் வேலை. பளபளக்காது, வெளியே தெரியாது, லேசில் தேயாது. கூட்டுக் குடும்பத்தில் இரண்டு ஓரகத்திகளுக்கு நடுவே நின்று சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் மாதிரி. அவள் வீட்டில் இருக்கும்வரை யாரும் அவளைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பழைய பேரிங்குகளைத் தட்டி எடுத்தேன். குழாயைத் துடைத்து மேசைமேல் வைத்தேன். ஒரு பக்கத்துப் புது பேரிங்கை இறக்கினேன். அதுவரை எல்லாம் ஒழுங்கு. அப்போது சஞ்சு, “ஒரு மினிட் ஆசானே, கேமரா ஆடுது” என்றான். என் பட்டறைத் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். கேமரா ஸ்டாண்டின் ஒரு கால் பள்ளத்தில் நின்றது. அவன் சுற்றுமுற்றும் பார்த்து எதையோ எடுத்து அந்தக் காலுக்கு முட்டுக்கொடுத்தான். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், பைக் கண்ணாடியில் முகம் பார்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ரெடி ஆசானே. ஒண்ணு சிரிச்சிட்டு அடுத்ததை அடிங்க.”

சிரித்தேன். அடுத்த பேரிங்கை அடித்து இறக்கினேன். “கோணம் சரியில்ல, சுத்தியல் ஓங்குறதை மட்டும் இன்னொருக்கா” என்றான். ஓங்கினேன். பேரிங்கின் வெளி வளையத்தில்தான் அடிக்க வேண்டும், உள் வளையத்தில் அடிக்கவே கூடாது என்று கேமராவைப் பார்த்துப் பெரிய உபதேசம் வேறு செய்தேன். உபதேசத்தில் ஒரு பிழையும் கிடையாது, இன்றைக்கும் கேட்கலாம். சக்கரத்தை மாட்டி அச்சைப் போட்டு நட்டை இறுக்கினேன். கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டேன்.

சக்கரம் ஒன்றரைச் சுற்றில் நின்றது.

நல்ல சக்கரம் அப்படி நிற்காது. நீங்கள் போய் டீ சொல்லிவிட்டு வரும்வரை அது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சக்கரம் மாட்டி முடித்ததும் ரேடியோவை அணைக்கச் சொல்வார். சுற்றிவிட்டு, அது தானாக நிற்கும்வரை யாரும் இருமக்கூடக் கூடாது. மனுஷருக்குப் பாட்டு பிடிக்காது போலிருக்கிறது என்றுதான் நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கூர்மைக்கு இது ஒரு சாம்பிள்.

ஷைனி பக்கத்தில்தான் நின்றாள். அவளும் சக்கரத்தைத் தொட்டுச் சுற்றிப் பார்த்தாள். “ஆசானே, கொஞ்சம் பிடிக்குது போல இருக்கே?”

என் கைக்கும் அது தெரிந்திருந்தது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாமல் நடந்த தவறு இல்லை இது. கை சொல்லிவிட்டது. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்து ஆசான், சட்டை கசங்காமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் போய், ‘பொறு மோளே, என்னவோ தப்பு நடந்திருக்கு, மறுபடி கழத்துறேன்’ என்று சொல்வாரா? இப்படிச் சொன்னார்: “புது பேரிங் அப்படித்தான். ஓட ஓட சரியாயிரும்.”

“சூப்பர் டயலாக் ஆசானே!” என்றான் சஞ்சு.

ஷைனி தலையாட்டினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் முன்னே, கேமராவையும் ஸ்டாண்டையும் முதுகில் கட்டிக்கொண்டு சஞ்சு தன் பைக்கில் பின்னே. நான் உட்கார்ந்து நிதானமாக இட்லி சாப்பிட்டேன். வீடியோவில் எப்படித் தெரிவேன் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டதில் ஒன்று அதிகமாகவே உள்ளே போனது. கை கழுவ எழுந்தபோது காலுக்கடியில் எதுவோ உருண்டது. குனிந்து எடுத்தேன்.

அந்தக் குழாய். கேமரா ஸ்டாண்டுக்கு முட்டுக்கொடுத்த சாமான் அதுதான்.

ஒரு மனுஷ மூளை அரை நிமிஷத்தில் எத்தனை சமாதானம் கண்டுபிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வேறு பைக்கினுடையதாக இருக்கும். அன்று வேறு பைக்கே வரவில்லை. குழாய் இல்லாமலும் கொஞ்ச தூரம் ஓடும். கொஞ்ச தூரமா, கல்லாறு வரைக்கும், அதற்கப்புறம் ரப்பர் தோட்டத்துக் கல் பாதையிலுமா? கடைசியாக வந்தது ரொம்பவும் ருசியான சமாதானம்: எடுத்தவன் சஞ்சு. ஆமாம், எடுத்தவன் சஞ்சுதான். ஆனால் சக்கரத்தை மாட்டியவன் நான், அது பிடிக்கிறது என்று தெரிந்தவனும் நான்.

நடுவில் தாங்க ஆளில்லாமல் இறுக்கிய நட்டு, இரண்டு பேரிங்கையும் நெரித்துக்கொண்டிருக்கும். முதலில் சூடாகும், பிறகு உள்ளே இருக்கும் குண்டுகள் நொறுங்கும், சக்கரம் ஒரு பக்கமாகச் சாயும். சமதளத்தில் சாய்ந்தால் முட்டி தேயும். இறக்கத்தில் சாய்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்து முடிக்கும் முன்பே போனை எடுத்திருந்தேன்.

ஷைனியைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருந்தாள். சஞ்சுவும் அங்கேதான் இருந்தான். கல்லாற்றில் பாலத்துப் பக்கம் சாயாக்கடை வைத்திருக்கும் தங்கம் அக்காவின் நினைவு வந்தது. பொன்முடி எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த குடும்பம். அவர்கள் ஸ்கூட்டரை நான்தான் பார்ப்பேன். கடையில் கம்பிவழி போன் உண்டு. கூப்பிட்டேன்.

“அக்கா, ஒரு உயரமான பைக் வரும். நிறுத்தணும்.”

“ஓண லீவு ஆசானே. இங்க வர்றதெல்லாம் உயரமான பைக்குதான்.”

“ஒரு பொண்ணு ஓட்டிட்டு வரும்.”

“அப்ப சரி, பாத்தாத் தெரியும். என்னன்னு சொல்லி நிறுத்த?”

இங்கேதான் நான் இரண்டாவது தடவை கெட்டுப்போனேன். உண்மையைச் சொன்னால் தங்கம் அக்கா டீ குடிக்க வருகிற அத்தனை பேரிடமும் சொல்லும். திருவனந்தபுரத்து ஆசான் சக்கரத்துக்குள் சாமான் போட மறந்துவிட்டான் என்று மாலைக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே, “பட்டறையில ஒரு சாமானை விட்டுட்டுப் போயிட்டாங்க, நான் கொண்டு வர்றேன், இருக்கச் சொல்லு” என்றேன். எவ்வளவு நாசூக்கு பாருங்கள்! ஒரு வார்த்தை பொய் கிடையாது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தோள்பையில் அந்தக் குழாய், ஆரியசாலைக் கடையிலிருந்து அதிகப்படியாக வாங்கிவைத்திருந்த ஒரு ஜோடி பேரிங், சுத்தியல், ஸ்பானர்கள். வழியில் நெடுமங்காடு தாண்டும்போது போன் அடித்தது. தங்கம் அக்கா.

“நிறுத்தினேன் ஆசானே. சொன்னேன். திரும்பி வரும்போ வாங்கிக்கிடலாம்னு அந்தப் பையன் சொல்லிட்டான். ரெண்டு பேரும் தோட்டத்துக்குள்ள ஏறிட்டாவ.”

“ஏறிட்டாங்களா? பிடிச்சு வைக்கக் கூடாதா அக்கா?”

“அந்தப் பொண்ணு முன் வீலுகிட்ட குத்தவச்சு உக்காந்து தொட்டுப் பாத்துச்சு. கையை டப்புன்னு எடுத்துச்சு. ஆசான் ஓட ஓட சரியாகும்னு சொன்னாருல்லன்னு பையன் சிரிச்சான். பின்ன அது எந்திரிச்சிருச்சு.”

“அப்பவாவது நீ தடுத்திருக்கலாமே!” என்று கத்தினேன்.

“சாமான்னுதானே சொன்னீங்க ஆசானே. ஆபத்துன்னு சொல்லலியே. சொல்லியிருந்தா ரோட்டுக்குக் குறுக்க படுத்தாவது நிறுத்தியிருப்பேன்.”

போனை வைத்துவிட்டு ஸ்கூட்டரை முறுக்கினேன். மீதித் தூரத்தை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. வளைவுகளில் எதிரே வந்த பஸ்காரர்கள் மலையாளத்தில் என் குடும்பத்தை விசாரித்தது மட்டும் காதில் இருக்கிறது.

தோட்டத்துக்குள் ஒரு இறக்கத்தில் அவர்களைக் கண்டேன். பைக் ஓரமாகக் கிடந்தது. முன் சக்கரம் சாய்ந்து, பேரிங் இருந்த இடத்தில் கறுத்த கிரீஸும் இரும்புத் துண்டுகளும். ஷைனி ஒரு ரப்பர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. சஞ்சுவின் செல்ஃபி குச்சியை அதற்கு வைத்து, அவனுடைய கைக்குட்டையால் எப்படிக் கட்ட வேண்டும் என்று அவளே நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டுகிறவன்தான் முடிச்சைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தான். மெதுவாக இறங்கிக்கொண்டிருந்ததால் மணிக்கட்டோடு போயிற்று. வேகமாக வந்திருந்தால் கீழே ஓடைக்கரைப் பாறைகள்தான் பிடித்திருக்கும். நான் பாறைகளைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், சஞ்சு பார்த்துவிட்டான்.

தோட்டத்து ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு முறிந்திருந்தது. உள்ளே மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது நான் தோள்பையிலிருந்து குழாயை எடுத்து சஞ்சுவிடம் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. சிறிது நேரம் கழித்து என் காதருகே வந்தான்.

“ஆசானே, ஷைனி சேச்சிகிட்ட இதைச் சொல்ல வேண்டாம். பேரிங் டூப்ளிக்கேட்டுன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியும்?”

பையன் ஒரே நாளில் தொழில் கற்றுக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டேன். நம் தொழிலில் டூப்ளிக்கேட் பேரிங் செய்யாத பாவம் கிடையாது. நாம் மறந்தது, நாம் அவசரப்பட்டது, நாம் கோணலாக அடித்தது எல்லாவற்றையும் அது சுமக்கும். அது வாய் திறந்து மறுக்காது. நானே எத்தனை தடவை அதன் தலையில் பழி போட்டிருக்கிறேன்! அன்றைக்கும் அது தயாராகத்தான் இருந்தது.

கதவு திறந்து ஷைனி வந்தாள். முழங்கை வரை வெள்ளைக் கட்டு. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “வீலுக்கு என்ன ஆச்சு ஆசானே?” என்று கேட்டாள்.

“குழாயைப் போடல மோளே. சஞ்சு எடுத்து வச்சிருந்தான், அது கணக்கில்ல. சக்கரம் பிடிச்சது எனக்குக் கையில தெரிஞ்சுது. கேமரா முன்னால கழத்தினாக் கேவலம்னு நெனச்சேன். பின்ன தங்கம் அக்காகிட்டயும் உண்மையைச் சொல்லல. சொல்லியிருந்தா நீ கல்லாத்துலயே நின்னிருப்பே.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கல்லாத்துல தொட்டுப் பாத்தேன் ஆசானே. கை வைக்க முடியல்ல, அம்புட்டு சூடு. ஏறாதேன்னு எனக்க மனசு சொல்லிச்சு. பின்ன நீங்க சொல்லியாச்சே, உங்களவிட எனக்கா தெரியும்னு நெனச்சு ஏறிட்டேன்.”

பிள்ளைகளே, நான் போடாமல் விட்ட குழாய் ஒரு சக்கரத்தைத்தான் கெடுத்தது. என் வாய், பைக்கைப் பற்றி சரியாகத் தெரிந்திருந்த ஒரு பெண்ணைத் தன் கையையே நம்பவிடாமல் செய்துவிட்டது. இது எனக்கு விளங்க எத்தனை வருஷம் பட்டறை வைக்க வேண்டியிருந்தது! வருஷம் கூடக் கூட நம் கை பழகுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். வாய்தான் அதைவிட வேகமாகப் பழகுகிறது. நாம் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டப் பத்துப் பேர் சேர்ந்த பிறகு, சக்கரம் பிடித்தால்கூட அதற்கொரு விளக்கம் நம் வாயில் தயாராக இருக்கும். நீங்களும் அந்த நிலைக்கு வருவீர்கள், கவலைப்படாதீர்கள். பெரிதாகத் திறமை தேவையில்லை.

கட்டுப் பிரித்தும் அவளால் சில வாரங்கள் ஆபரேஷன் தியேட்டருக்குள் போக முடியவில்லை. விரல்களில் பழைய பிடி வருமா என்று டாக்டர்களே இழுத்தார்கள். அந்த நாட்களில் போன் அடித்தால் வீட்டுக்காரியை எடுக்கச் சொல்லிவிடுவேன். பிடி வந்தது. வந்த பிறகு ஒரு நாள் அவளே பட்டறைக்கு வந்தாள். சஞ்சு வாசலில் நின்றான், கேமரா இல்லாமல். சக்கரத்தின் நடுப்பாகம் முழுக்கப் புதிதாக மாற்றியாகியிருந்தது, பேரிங் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

“வேற யாராவது செய்யட்டும் மோளே” என்றேன். பயமாக இருந்தது, பெருந்தன்மை எல்லாம் இல்லை.

“நீங்கதான் மாட்டணும். நான் இங்க நிப்பேன்” என்று சொல்லி, மேசைமேல் இருந்த குழாயை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

முதல் பேரிங்கை இறக்கினேன். வேர்த்தது. திரும்பிக் கையை நீட்டினேன். அவள் குழாயை என் உள்ளங்கையில் வைத்தாள். அதைப் போட்டு, அடுத்ததை இறக்கி, சக்கரத்தை மாட்டி நட்டை இறுக்கினேன். வாய்க்குள் இத்தனை வருஷத்து வசனங்கள் வரிசை கட்டி நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை. நான் எழுந்து தள்ளி நின்றேன். அவள் குனிந்து, அந்த வலது கையாலேயே சக்கரத்தைச் சுற்றிவிட்டாள்.

அது சுற்றிச் சுற்றி, மெதுவாகி, தானாக நின்றது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேன். பட்டறை திறந்த நாளிலிருந்து ஒரு வண்டிக்காரரிடமும் நான் கேட்காத கேள்வி அது.

அவள் இன்னொரு தடவை சுற்றிவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். நான் காத்துக்கொண்டு நின்றேன்.